கொறற்றியின் குழியில் ஏழாவது மண்

கிட்ட வாங்கோ, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவடியில் நிக்கிற பிள்ளை, அந்தக் கதிரையை இழுத்துக்கொண்டு வாடி, உனக்கும் இடம் இருக்கு. போனைக் கவிழ்த்து வையுங்கோ, அது அழுதால் அழட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு குழியின் கதை சொல்லப்போறன். ஆழம் ஓர் ஆள் உயரம், அகலம் ரெண்டு கதவு. ஒருத்தரும் அதுக்குள் விழேல்லை, பயப்படாதேங்கோ. ஆனால் ஒருத்தி விழப் பார்த்தாள். அவளுடைய கதைதான் இது.

மரியகொறற்றி இலங்கையில் மன்னாராள். பாரிசுக்கு வந்து இருபத்திரண்டு வருசமாக மற்றவர்களுடைய குசினியில், கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற றோல்ஸ் சுற்றியவள். அவள் சுற்றின றோல்ஸை வரிசையாக அடுக்கினால் புறநகர் லா கூர்னெவ்வில் இருந்து கார் து நோர் ஸ்ரேசன் வரைக்கும் வரும், இடையில் ரயில் மாறத் தேவையில்லை என்று அவளுடைய மனிசன் மடுத்தீன் சொல்லுவார். மடுத்தீனுக்கு ஸ்ரேசனில் துப்பரவு வேலை. வாய் மட்டும் ஒருநாளும் துப்பரவாக்காத வாய்.

அந்தக் கொறற்றிக்குக் கடைசியில் ரூ லூயி-பிளாங் தெருவில் சொந்தமாக ஒரு கடை கிடைத்தது. கடை என்றால் முன்னுக்கு ஒரு கண்ணாடி, உள்ளுக்கு ஒரு குசினி, பின்னுக்குப் பாய் விரித்தால் சுவரில் முட்டுகிற ஒரு முற்றம். கட்டடச் சொந்தக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. செப்டெம்பர் முதலாந் திகதிக்கு முன்னம் அடுப்பெரிந்து கடை திறந்திருக்க வேணும். இல்லையென்றால் சாவி திரும்பிப் போகும். போனால் எங்கே போகும் என்றும் கொறற்றிக்குத் தெரியும். பக்கத்துத் தொலைபேசிக் கடை றொனால்ட் அளவு நாடாவோடு வந்து ஏற்கெனவே ரெண்டு தரம் அவளுடைய சுவரை அளந்துவிட்டான்.

"சும்மா பாக்கிறன் அக்கா," என்பான்.

"சும்மா பாக்கிறதுக்குக் கண் காணுமே தம்பி, நாடா எதுக்கு?" என்பாள் கொறற்றி.

பொரிக்கிற கடையென்றால் இந்த ஊரில் ஒரு சட்டம் இருக்கு. கழுவின தண்ணியில் வாற கொழுப்பைப் பிடிக்க முற்றத்தில் குழி வெட்டி ஒரு தொட்டி புதைக்க வேணும். அதுக்கு அனுமதிக் கடிதம் வந்தது. அதன் வாலில் இன்னொரு வரி இருந்தது: இது பழைய நிலம் என்றபடியால், குழி வெட்டும்போது தொல்பொருள் ஆய்வாளர் ஒருவர் நின்று மண்ணைப் பார்ப்பார்.

"மண் பாக்க ஒரு ஆளோ?" என்றார் மடுத்தீன். "ஏன், மண் ஓடிப்போயிடுமோ?"

"நிலத்துக்குக் கீழை ஆதிகாலத்துச் சாமான் கிடந்தா எழுதி வைப்பினமாம். பெரிசா ஏதும் கண்டா வேலையை நிப்பாட்டுவினமாம்."

கடைசிச் சொல்லைச் சொல்லிக்கொண்டே கொறற்றி விரல் மடித்து நாளை எண்ணினாள். ஓகஸ்ற் இருபத்தைந்து திங்கள் குழி வெட்டத் தொடங்கி, புதன் தொட்டி இறக்கி, கொங்கிறீற் காய்ந்து, கல் பதித்து, காஸ்காரன் வந்து போக, கையில் மிஞ்சுவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளை அவள் தாலிக்கொடி மாதிரி பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலமை எட்டு மணிக்கு அந்த ஆய்வாளர் வந்தாள். ஆன்ஜெலிக் என்று பெயர். ஒல்லியான பிள்ளை, வெள்ளை ஹெல்மெற், முழங்கால் ரெண்டிலும் தோல் ஒட்டின காற்சட்டை. கொறற்றி அவளைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்து, தலைக்கு வலை போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். கை கழுவிக் காட்டினாள். நகத்தையும் காட்டினாள்.

"நல்ல நகம், மதாம்," என்றாள் ஆன்ஜெலிக். "குழி எங்கே?"

தோண்டுகிற வேலை அம்புறோசுடையது. நடைபாதையால் ரெண்டு விரல் இடைவெளி விட்டு, சின்ன மண் அள்ளும் இயந்திரத்தை உள்ளே கொண்டுவந்த கெட்டிக்காரன். ஆனால் அவன் ஒரு வாளி மண் அள்ளினால் ஆன்ஜெலிக் கையைத் தூக்குவாள். இயந்திரம் நிற்கும். அவள் குனிந்து கரண்டியால் சுரண்டுவாள், படம் எடுப்பாள், தலையாட்டுவாள். அடுத்த வாளிக்கும் அதே கை.

"அக்கா," என்று கத்தினான் அம்புறோஸ், "இவ மண் தோண்டுறாவோ, மீனுக்கு முள்ளெடுக்கிறாவோ?"

எல்லாவற்றையும் விடக் கொறற்றிக்குப் பிடித்தது அந்தப் பிள்ளையின் நிறப் புத்தகம். ஒரு பிடி மண் எடுத்து, தண்ணி தெளித்து, புத்தகத்தில் உள்ள நிறத் துண்டுகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பாள். சாறிக்கு பிளவுஸ் துணி பொருத்துகிற அதே கண், அதே சரிந்த தலை. பொருந்தினால் ஒரு இலக்கம் கொடுத்துச் சின்னச் சீட்டை ஆணியில் குத்தி வைப்பாள். முதலாவது மண், ரெண்டாவது மண், என்று பின்னேரத்துக்குள் ஆறு மண் வந்துவிட்டது. அதுக்குள் கிடந்தது உடைந்த பீங்கானும், சுண்ணாம்புக் கட்டியும், ஒரு கடகப்பெட்டி நிறையச் சிப்பி ஓடும்.

"அப்பவும் இந்தச் சனம் வாயைக் கட்டேல்லை," என்றார் வேலை முடிந்து வந்த மடுத்தீன், சிப்பிகளைப் பார்த்து.

"வேண்டிய ஆழம் வந்துவிட்டது," என்றாள் ஆன்ஜெலிக். "நாளைக்குக் காலை அடித்தளத்தைச் சுத்தம் செய்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கொறற்றிக்கு ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. நீங்கள் மன்னார்ப் பக்கத்துச் சனமென்றால் இந்நேரம் ஊகித்திருப்பியள். மடு மாதா கோயில் மண் போடாமல் எங்கடை ஆக்கள் அத்திவாரம் போடமாட்டினம். காணிக்குள் பாம்பு வராது, வீட்டுக்குக் காவல். கொறற்றி போன வருசம் ஊருக்குப் போய் அள்ளிவந்த செம்மண் ஒரு பொதி அலுமாரியில் இருந்தது. கையெழுத்து விழுந்த கையோடு அம்புறோஸ் கல்லைக் கொட்டி அடியை மூடிவிடுவான், போடுறதென்றால் இன்றைக்குத்தான்.

பின்னேரம் ஏழு மணி. ஓகஸ்ற்றில் அது நல்ல வெயில். அம்புறோசும் ஆன்ஜெலிக்கும் போய்விட்டார்கள். கொறற்றி சோற்றகப்பை ஒன்றோடு ஏணியில் இறங்கினாள். மேலே மடுத்தீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேர், உது தேவையோ? லூயி-பிளாங்கிலை எங்கையப்பா பாம்பு?"

"ரெண்டு காலிலை வாற பாம்பும் இருக்கு. பக்கத்துக் கடையிலை நாடாவோடை நிக்குது, பாருங்கோ."

சும்மா மேலே கொட்டினால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தப்பாது என்று, ஒரு மூலையில் அகப்பையால் கிண்டினாள். நாலு விரல் ஆழத்தில் 'டக்' என்றது. கல்லாக்கும் என்று விரலை விட்டு எடுத்தால், ஒரு சட்டியின் விளிம்பு. உள்ளங்கையளவு துண்டு. துடைத்தாள். விரலில் கரி ஒட்டியது. எத்தனை வருசம் மண்ணுக்குள் கிடந்ததோ, அடுப்புக் கரி இன்னும் போகவில்லை.

கொறற்றிக்குத் தான் மடுத்தீனுக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. பெரிசா ஏதும் கண்டா வேலையை நிப்பாட்டுவினம். இது பெரிசோ சின்னனோ என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே பார்த்தாள். மடுத்தீன் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். துண்டை ஏப்ரன் பொக்கற்றுக்குள் நழுவவிட்டாள். மடு மண்ணில் பாதியைக் கிண்டின கிடங்கில் கொட்டி, செபம் ஒன்றைச் சொல்லி, தண்ணி தெளித்து உள்ளங்கையால் தட்டித் தட்டி மட்டப்படுத்தி, மேலே பழைய மண்ணைத் தூவினாள். நிலம் மெழுகிப் பழகின கை. கள்ள வேலையிலும் அந்தக் கை சுத்தமாகத்தான் வேலை செய்தது. அதுதான் வினையாகப் போனது.

செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்குக் குழிக்குள் இருந்து ஒரு சத்தம். ஆன்ஜெலிக் முழங்காலில் நின்று மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தூவின மண்ணுக்குக் கீழே சிவப்பாக, வட்டமாக, இறுகிப்போய் ஒரு திட்டு.

"மதாம்! நெருப்பில் சுட்ட மண்! இங்கே ஒரு அடுப்பு எரிந்திருக்கிறது!" அவளுடைய முகம் பெருநாள் விடிந்த மாதிரி இருந்தது. "முன்னூறு வருடம் இருக்கும். கூடவும் இருக்கலாம். எவ்வளவு அழகாக அமுக்கி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!" ஒரு சீட்டில் ஏழு என்று எழுதி ஆணியில் குத்தினாள்.

அந்த 'அழகாக' என்ற சொல்லைக் கேட்டுக் கொறற்றி சந்தோசப்படுவதா, சாவதா என்று தெரியாமல் நின்றாள்.

"இப்ப... வேலை?"

"அடுப்பென்றால் நான் தனியாக முடிவெடுக்க முடியாது. என் தலைவர் வந்து பார்க்க வேண்டும்." போன் எடுத்தாள். தலைவர் கடற்கரையில் விடுமுறை. உங்களுக்குத் தெரியும்தானே, ஓகஸ்ற்றில் பாரிசில் ஒரு மனிசனைப் பிடிக்கேலாது. "செப்டெம்பர் ரெண்டாந் திகதி வருவார். அதுவரை ஒருவரும் தொடக்கூடாது."

ரெண்டாந் திகதி! அடுப்பெரிய வேண்டிய கடையை, எரியாத ஓர் அடுப்பு மூடப்போகிறது. குழியைச் சுற்றி ஆன்ஜெலிக் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் வலை கட்டினாள். றொனால்ட் எட்டிப் பார்த்து, "ஏதும் பிரச்சினையோ அக்கா?" என்று கவலையாகக் கேட்டான். அந்தக் கவலைக்குள் ஒரு அலுமாரி, ஒரு மேசை, ரெண்டு கண்ணாடிப் பெட்டி எல்லாம் அளவாகப் பொருந்தியிருந்தன.

குளிர்பெட்டிக்குப் பின்னால் கொறற்றியும் அம்புறோசும், செய்தி கேட்டு ஓடிவந்த மடுத்தீனும் கூடினார்கள்.

"அக்கா, நான் மிசினைப் பிழையா ஒருக்கா இழுத்து விடட்டே?" என்றான் அம்புறோஸ். "அடுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை."

"வாயைப் பொத்து. மாதாவின்ரை மண்ணையோ இழுப்பாய்?"

"அப்ப உண்மையைச் சொல்லன்," என்றார் மடுத்தீன்.

"சொன்னா எனக்கு விசர் எண்டு எழுதுவா."

"அது எழுதித்தான் தெரியவேணுமோ?"

கொறற்றி ஏப்ரனை இழுத்து நேராக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். குழிக்குள் ஆன்ஜெலிக்கின் தலை மட்டும் தெரிந்தது, படம் கீறிக்கொண்டிருந்தாள். கொறற்றி விளிம்பில் முழங்காலில் இருந்தாள். நடுவில் அந்தச் செம்மஞ்சள் வலை. கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் இருக்கிற அதே வலைக் கண். பழக்கதோசத்தில் கை தானாகப் போய் நெற்றியில் சிலுவை போட்டது.

"நான் ஒரு பாவம் செய்திட்டன்," என்றாள், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

ஆன்ஜெலிக் பென்சிலை நிறுத்தினாள்.

"அது அடுப்பில்லை, பிள்ளை. எங்கடை மாதா கோயில் மண். இலங்கையிலை இருந்து கொண்டுவந்தது. நான்தான் போட்டனான். பாம்புக்கு."

"எப்போது?"

"நேற்று. ஏழு மணிக்கு."

ஆன்ஜெலிக் திரும்பி, தான் குத்தின ஏழாம் சீட்டைப் பார்த்தாள். ஆன்ஜெலிக்கின் காது ரெண்டும் பிளம்ஸ் பழம் மாதிரிச் சிவந்தது. "முன்னூறு வருடம் என்று சொன்னேன். பதினைந்து மணித்தியாலமா? என் தலைவர் கடலுக்குள் இருந்து ஓடிவந்து போன் எடுத்தார், மதாம். அவருக்கு நான் இப்போது என்ன சொல்ல? எப்படி இதை நம்ப?"

கொறற்றி எழும்பி ஓடினாள், மிச்சப் பொதியோடு வந்தாள். ஆன்ஜெலிக் ஒரு பிடி வாங்கித் தண்ணி தெளித்து நிறப் புத்தகத்தில் வைத்தாள். ஒரு தாள் புரட்டினாள். இன்னொரு தாள். பொதி மண்ணும் குழி மண்ணும் ஒரே துண்டில் போய்ப் பொருந்தின. அவளுடைய வாயோரம் முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு ஹெல்மெற் கழன்று குழிக்குள் விழுந்து உருண்டது. அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் மேல்மாடிச் சன்னல் ரெண்டு திறந்தது.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, செம்மண்ணைக் கரண்டியால் கவனமாக ஒரு பையில் அள்ளிக் கட்டினாள். "சரி. அடுப்பு இல்லை. தலைவரை நீந்த விடலாம். நாளைக்கு உங்கள் தொட்டியை இறக்குங்கள்." பென்சில்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

முடிந்தது. கொறற்றி தப்பிவிட்டாள். மேலே அம்புறோஸ் மிசினைத் தட்டிக் கொடுத்தான்.

ஆனால் பாருங்கோ, அவளுடைய கை ஏப்ரன் பொக்கற்றுக்குள் போய்விட்டது. விரல் அந்த விளிம்பில் பட்டது. ஆரோ ஒருத்தி பிடித்துப் பிடித்து மழுங்கின விளிம்பு. இந்த முற்றத்தில் நின்று, புகையில் கண் எரிய, அவளும் ஆருக்கோ சமைத்திருப்பாள். அவளுக்கும் ஒரு வீட்டுக்காரன் தவணை சொல்லியிருப்பான். இருபத்திரண்டு வருசம் கொறற்றி சமைத்த சட்டி ஒன்றிலும் அவளுடைய பெயர் இல்லை. இப்ப இந்த மனிசியின் சட்டியையும் குப்பை வாளிக்குள் போட்டு மூடுவதோ? சொன்னால் கடை போகலாம். சொல்லாவிட்டால் அந்தக் கடையில் நின்று எப்படிக் கரண்டி பிடிக்கிறது?

"அது மட்டுமில்லை, பிள்ளை," என்றாள். துண்டை வலைக்கு மேலால் நீட்டினாள்.

மேலே மடுத்தீன், "கெட்டுது போ," என்று மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஆன்ஜெலிக் இந்த முறை சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. "எங்கே கிடந்தது?"

"மூலையிலை இருந்து ஒரு சாண். நாலு விரல் ஆழம். கவிழ்ந்து கிடந்தது. கரிப்பக்கம் சுவரைப் பாத்தபடி."

"நிச்சயமா?"

"சட்டி எப்பிடிக் கிடந்ததெண்டு எனக்குத் தெரியாதோ?"

ஆன்ஜெலிக் ஒவ்வொரு சொல்லையும் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள். "கீழே குப்பைக் கிடங்கு ஒன்று இருக்கலாம். அதைத் தோண்டிப் பதிவு செய்ய எனக்கே அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஒரு முழு நாள் வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

கையில் இருந்ததே அந்த ஒரு நாள்தான். "ஓம்," என்று கொறற்றி தமிழில் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அது விளங்கியது.

புதன்கிழமை அந்த முற்றத்தைப் பார்த்திருக்க வேணும்! தொட்டி லொறியை வியாழனுக்குத் தள்ளியாயிற்று. மிசினைத் தொடக்கூடாது என்றபடியால் அம்புறோஸ் கூட்டுகிற தும்புத்தடியும் மண் அள்ளுகிற சின்னச் சவளும் பிடித்து நின்றான். மண் அரிக்கிறதுக்கு ஆன்ஜெலிக்கின் அரிதட்டு ஒன்று காணாது என்று கொறற்றி தன்னுடைய மா அரிதட்டு ரெண்டைக் கொண்டுவந்தாள். மடுத்தீன் லீவு போட்டுவிட்டு வந்து வாளி தூக்கினார், வேலை நேரத்தை விடக் கூடவே முனகினார்.

மத்தியானத்துக்குள் எலும்புகள் வந்தன. "நாயோ, மனிசரோ?" என்று அம்புறோஸ் ரெண்டடி பின்னுக்குப் போனான்.

கொறற்றி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஆட்டு நெஞ்செலும்பு. பார், மூட்டிலை கத்தி வைச்சு வெட்டியிருக்கு. கறிக்கு வெட்டின வெட்டு. கை தெரிஞ்ச ஆள்."

ஆன்ஜெலிக் பூதக்கண்ணாடியால் பார்த்து, "சரிதான்," என்று எழுதினாள்.

நாலு மணிக்குச் சட்டித் துண்டுகள் ஒன்பது சேர்ந்துவிட்டன. ஆன்ஜெலிக் அவற்றை மணலில் நிறுத்திப் பொருத்தினாள். வயிறு உப்பின சின்னச் சட்டி. கொறற்றி சுற்றிவந்து பார்த்து, உச்சுக் கொட்டினாள். "ஒரு பக்கம்தான் கருகியிருக்கு. திருப்பி வைக்காமல் விட்டிட்டா. ஆரோ கதைக்க வந்திருக்கினம்."

ஆன்ஜெலிக் முதல் வசனத்தை எழுதினாள். கடைசி வசனத்தையும் எழுதத் தொடங்கி, யோசித்து, வெட்டினாள்.

ஐந்தேகால் மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். வெறும் குசினிக் குப்பைக் கிடங்கு. எடுத்தாயிற்று, எழுதியாயிற்று, இனி வேலை நடக்கலாம். கொறற்றி அப்படியே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டாள்.

வியாழன் காலமை லொறி வர முன்னம் ஆன்ஜெலிக் பையை நீட்டினாள். "உங்கள் மண், மதாம். போடுங்கள். ஆனால் இந்த முறை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்."

கொறற்றி போட்டாள். ஆன்ஜெலிக் சிவப்பு வெள்ளை அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள்: "ஏழாவது மண். இலங்கை, மன்னார் மாவட்டம். கடை உரிமையாளரால் இவ்வருடம் ஓகஸ்ற் இருபத்தெட்டாந் திகதி போடப்பட்டது. நோக்கம், பாம்பு." நிமிர்ந்து சொன்னாள்: "நாளைக்கு ஒருத்தி வந்து தோண்டினால் என்னைப்போல் ஏமாறக் கூடாது."

பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம். கொங்கிறீற் காயவில்லை என்று கல் பதிக்கிறவன் முறைத்தான். கல் பதிக்கவில்லை என்று காஸ்காரன் முறைத்தான். சனிக்கிழமை ஒரு குழாயில் வளையம் ஒன்று இல்லையென்று காஸ்காரன் வீட்டுக்குப் போகப் பார்த்தான். வாசலில் மடுத்தீன் குறுக்கே நின்றுகொண்டு, தன் வாயில் ஒருநாளும் வராத மரியாதைச் சொல்லெல்லாம் சொன்னார். காஸ்காரன் பயந்துபோய், மூன்று கடை ஏறி இறங்கி வளையத்தோடு திரும்பி வந்தான்.

முப்பத்தோராந் திகதி, ஞாயிறு. பூசை முடிந்து வந்த கையோடு கொறற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் நெருப்புக்குச்சி அணைந்தது, ரெண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் நீலமாக ஒரு வட்டம் எழும்பியது. பன்னிரண்டு மணிக்குக் கட்டடக்காரர் வந்தார், கையில் கடுதாசிக் கோப்போடு. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். கொறற்றி எண்ணெயில் இருந்து எடுத்த றோல்ஸ் ஒன்றை அவருடைய கையில் வைத்தாள். ஆறவிட்டுக் கடிக்க வேணும் என்று அவருக்கு ஆர் சொல்லுறது? கடித்தார். கண்ணில் தண்ணி வந்தது. வாயைத் திறந்து 'ஹா ஹா' என்று காற்று வாங்கினார். சொல்ல வந்தது என்னவோ அதோடு போயிற்று. தலையை மட்டும் ஆட்டி, கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினார். சாவிக்கு இல்லை, இன்னொரு றோல்சுக்கு.

அவ்வளவுதான் பிள்ளையள். நேரம் போட்டுது, எழும்புங்கோ. உங்கள் வீட்டுச் சட்டி என்றைக்கும் சூடாக இருக்கட்டும். உண்மை சொல்லுறவைக்கு உங்கள் வீட்டில் ஒரு பிடி கூடக் கிடைக்கட்டும். வாறவை வயிறு நிறைஞ்சு போகட்டும், போனவை சுகமாகத் திரும்பி வரட்டும். மாதாவோ பிள்ளையாரோ, ஆர் உங்களுக்கோ அவர் உங்கள் வாசலில் காவல் நிக்கட்டும். கவனமாய்ப் போட்டு வாங்கோ.